பெருவீதியும் பந்தியும்: பேர்கண்டியின் உணவு விடுதிகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

உண்பதற்கென்றே ஊர் கடந்து சென்று, உண்ட இடத்திலேயே துயின்று, மறுநாள் முந்திரிகைத் தோட்டங்களையும் வைன் நிலவறைகளையும் கண்டு மீளும் வழக்கம் இன்று ஐரோப்பிய உல்லாசப் பயணத்தின் தனிக்கிளையாக வளர்ந்துள்ளது. சில அறைகள், பெயர்பெற்ற சமையற்கலைஞர் ஒருவர், அப்பிரதேசத்து வைன் நிறைந்த நிலவறை என்பன அத்தகைய விடுதியின் இலக்கணங்களாம். இவ்விடுதிகளின் விளம்பரங்களைப் படிப்போர், இவ்வழக்கம் நினைவுக்கெட்டாத காலந்தொட்டே பிரெஞ்சு நாட்டுப்புறத்தில் நிலவிவந்ததென்று கருதக்கூடும். அது உண்மையன்று. ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்னர், தெளிவான பொருளாதாரத் தேவைகள் சிலவற்றின் காரணமாகத் தோன்றியதே இவ்வழக்கம். அத்தேவைகள் எவருடையவை என்பதைப் பேர்கண்டிப் பிரதேசத்தை மையமாகக் கொண்டு நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழைய வழிவிடுதிகளின் நிலை என்ன? பிரெஞ்சுப் புரட்சிக்குச் சற்று முன்னர், 1787 முதல் அந்நாட்டிற் பயணஞ்செய்த ஆங்கில வேளாண்மை அறிஞர் ஆதர் யங் இதுபற்றி விரிவாக எழுதியுள்ளார். உணவிலும் பானத்திலும் பிரெஞ்சு விடுதிகள் இங்கிலாந்து விடுதிகளை விஞ்சின என்பது அவர் கருத்து. ஆயின் அறைகளின் அலங்கோலத்தையும் தளபாடங்களின் இழிநிலையையும் அவர் கடுமையாகச் சாடினார். அழைப்புமணிதானும் இல்லாமையாற் பணிப்பெண்ணை உரக்கக் கூவியே அழைக்கவேண்டியிருந்ததாம். உணவுங்கூடப் பயணியின் விருப்பத்துக்கு அமைந்ததன்று. குறித்த நேரத்திற் பொதுப்பந்தியில் அமர்ந்து, இட்டதை உண்பதே முறை. விரும்பிய நேரத்தில், தனி மேசையில், பட்டியலிலிருந்து தெரிந்து உண்ணும் உணவகம் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்கூற்றிற் பாரிஸ் நகரிலே தோன்றியது. நல்லுணவு தலைநகரின் உடைமையாகியது. நாட்டுப்புற விடுதி குதிரை மாற்றும் இடமாகவே எஞ்சியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் புகையிரதம் வந்தபோது இவ்விடுதிகள் அப்பணியையும் இழந்தன. பாரிஸிலிருந்து லியோன் ஊடாக மத்தியதரைக் கடற்கரைக்குச் சென்ற செல்வந்தர்கள் இடையிலுள்ள ஊர்களைச் சாளரத்தினூடாக மாத்திரமே கண்டனர். அவர்கள் இறங்கிய முனைகளிற் பெருவிடுதிகள் எழுந்தன. சுவிற்சர்லாந்தின் நீடவால்ட் என்ற சிற்றூரிற் குடியானவர் குடும்பமொன்றிற் பதின்மூன்றாவது பிள்ளையாக 1850இற் பிறந்த சீசர் றிட்ஸ், 1898இற் பாரிஸில் தம் பெயராலேயே விடுதி ஒன்றைத் திறந்தார். அதன் அடுக்களை ஒகுஸ்த் எஸ்கோபியேயின் பொறுப்பில் இருந்தது. சமையல் வேலையைப் பிரிவுகளாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவரை அமர்த்திய எஸ்கோபியேயின் ஒழுங்கு, தொழிற்சாலைக்குரிய வேலைப்பிரிவினையை அடுக்களைக்குட் கொணர்ந்தது எனலாம். ஆயினும் றிட்ஸின் விடுதிகள் எந்நகரிலும் ஒரே தன்மையனவாய் அமைந்தவை. இலண்டனில் உண்டதையே பாரிஸிலும் உண்ணலாம் என்பதே அவற்றின் பெருமை. ஓர் ஊரின் மண்ணுக்கும் அவ்வூரின் உணவுக்கும் உள்ள தொடர்பு அங்கு எவரது அக்கறைக்கும் உரியதாயிருக்கவில்லை.

இந்நிலையை மாற்றியது மோட்டார் வண்டி. இன்னுந் திட்டவட்டமாகச் சொல்வதாயின், மோட்டார் வண்டியின் ரயர். கிளெர்மோன் பெரோன் நகரில் ரயர் உற்பத்தி செய்த அந்திரே மிஷலின், எதுவாட் மிஷலின் என்ற சகோதரர்கள் 1900ஆம் ஆண்டிற் பயணிகளுக்கான சிறு கைந்நூல் ஒன்றை வெளியிட்டனர். பிரான்சு முழுவதிலும் மூவாயிரம் அளவிலேயே மோட்டார் வண்டிகள் இருந்த அக்காலத்தில், ஏறத்தாழ 35,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கினர். வண்டி ஓடினால் ரயர் தேயும். ரயர் தேய்ந்தால் விற்பனை பெருகும். பயணிக்கு ஓடுவதற்கு ஒரு காரணங் கற்பித்தலே அந்நூலின் உள்நோக்கம். 1920இல் அதற்கு ஏழு பிராங் விலை குறிக்கப்பட்டது. 1926இல் நல்லுணவு வழங்கும் இடங்களுக்கு நட்சத்திரம் இடும் முறை தொடங்கியது. 1931 முதல் ஒன்று, இரண்டு, மூன்று என நட்சத்திரங்கள் படிநிலைப்படுத்தப்பட்டன. 1936இல் அவற்றின் பொருளும் அச்சிடப்பட்டது: மூன்று நட்சத்திரம் என்பது அவ்வுணவகத்துக்கென்றே ஒரு தனிப் பயணத்தை மேற்கொள்ளலாம் என்பதாகும். உணவின் தரத்தைப் பயணத் தூரத்தால் அளக்கும் இவ்வரைவிலக்கணம் ரயர் வணிகரிடமன்றி வேறு எவரிடமும் பிறந்திருத்தல் அரிது.

வழி திறந்ததாயினும், பயணிகளை வரவேற்றற்குப் பேர்கண்டி ஆர்வங்கொண்டமைக்கு வேறொரு காரணமும் உண்டு. அது வைன் வணிகத்தின் நெருக்கடி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் பிலொக்செரா என்னும் வேர்ப்பூச்சி முந்திரிகைத் தோட்டங்களை அழித்தது. மீள நட்டபின்னரும், வைன் விற்பனை போன், நுயி ஆகிய ஊர்களின் பெருவணிகர் கைகளிலேயே இருந்தது. பிறவிடங்களிலிருந்து தருவித்த வைனைக் கலந்து, பெயர்பெற்ற கிராமங்களின் பெயரால் விற்ற வணிகரும் அவர்களுள் இருந்தனர். உண்மையாக அக்கிராமத்திற் பயிரிட்டவனுக்கு உரிய விலை கிட்டவில்லை. வொல்னே ஊர் மார்க்கி தாஞ்சர்வில், நுயி ஊர் ஹென்றி கூஜ் முதலிய தோட்ட உரிமையாளர் இதனை எதிர்த்து நீதிமன்றஞ் சென்றனர். வணிகர் அவர்களைப் புறக்கணிக்கவே, தம் வைனைத் தாமே போத்தலில் அடைத்து விற்கத் தலைப்பட்டனர். 1935இன் சட்டம் பிறப்பிடப் பெயருக்குப் பாதுகாப்பளித்தது. இன்று உல்லாசப் பயணி ஒருவர் தோட்டக்காரரின் நிலவறையிற் குனிந்து நுழைந்து, பீப்பாயிலிருந்து எடுத்துத் தரும் வைனைச் சுவைக்கும்போது அதனைத் தொன்றுதொட்ட விருந்தோம்பல் என எண்ணுகிறார். உண்மையில் அது வணிகரைத் தவிர்த்து நேரே நுகர்வோனை நாடிய ஒரு போராட்டத்தின் விளைவாகும்.

இதே காலத்தில் டிஜோன் நகர முதல்வர் கஸ்தோன் ஜெராட் 1921இல் உணவுக் கண்காட்சி ஒன்றைத் தொடக்கினார். 1930இல் அரசாங்கத்தில் உல்லாசப் பயணத்துறைக்கெனத் தனிப்பொறுப்பு ஏற்படுத்தப்பட்டபோது அப்பதவி அவருக்கே அளிக்கப்பட்டது. குர்னோன்ஸ்கி என்ற புனைபெயரில் எழுதிய மொறிஸ் சையான், மார்சல் ரூப் என்பாருடன் சேர்ந்து, பிரான்சின் பிரதேச உணவுகளையும் விடுதிகளையும் பற்றிய நூற்றொகுதியை 1921 முதல் வெளியிடலானார். 1934இல், உலகப் பொருளாதார மந்தத்தால் வைன் தேங்கிக் கிடந்தபோது, கமீல் றொதியே, ஜோர்ஜ் பைவ்லே ஆகியோர் நுயி சென் ஜோர்ஜ் நிலவறை ஒன்றிற் சுவைஞர் சங்கம் ஒன்றை அமைத்தனர். செந்நிற அங்கியும் இலத்தீன் கலந்த சடங்குகளும் இடைக்காலத்தை நினைவூட்டுமாறு புதிதாய் ஆக்கப்பட்டன. வாங்குவார் இல்லாவிடில் விருந்தினரை அழைத்துக் குடிப்போம் என்பதே அவர்தம் சிந்தனை, அது பலித்தது.

மேர்சோ கிராமத்து ‘போலே’ விருந்தின் கதை இன்னும் சிந்திக்கத்தக்கது. முந்திரிகை அறுவடை முடிந்ததும் பழங்கொய்த தொழிலாளரும் தோட்ட உடையாரும் ஒன்றாயிருந்து உண்ணும் விருந்தே போலே. நம்மவர் அரிவு முடிவில் வயற்கரையில் உண்ணும் உணவைப் போன்றது அது. 1923இல் ஜூல் லபோன் என்ற தோட்ட உரிமையாளர் அதனைத் தம் நண்பர்களுக்கான விருந்தாகப் புத்துயிரளித்தார். காலப்போக்கிற் பலநூறு விருந்தினர் தத்தம் அரிய போத்தல்களுடன் கூடும் பெருவிழாவாக அது வளர்ந்துவிட்டது. பெயர் நிலைத்தது, கொய்தவர் பந்தியில் இருந்து எழுந்துவிட்டனர்.

உழைத்தோர் மறைந்த வரலாற்றில் விதிவிலக்காகச் சில பெண்களின் பெயர்கள் எஞ்சியுள்ளன. லியோன் நகரிற் செல்வர் வீடுகளிற் சமைத்துப் பின்னர் சொந்தமாக உணவகம் நடத்திய பெண்களை ‘அன்னையர்’ என மக்கள் அழைத்தனர். 1895இற் பிறந்த இயூஜெனி பிரசியே தாயை இழந்து, பத்து வயதிலேயே பண்ணை வேலைக்குச் சென்றவர். 1921இல் லியோனிற் சிறு உணவகம் ஒன்றைத் தொடங்கினார். பின்னர் நகருக்கு வெளியே மலைக்கணவாயில் மற்றொன்றையும் நிறுவினார். 1933இல் இரண்டுக்குமே மும்மூன்று நட்சத்திரங்கள் கிடைத்தன. பிற்காலத்தில் உலகப்புகழ் பெற்ற போல் பொக்கூஸ் அவரிடம் வேலை பழகியவர். எனினும், ‘பிரெஞ்சுச் சமையலின் மேதைகள்’ என்ற வரிசை பின்னர் எழுதப்பட்டபோது அதில் ஆடவர் பெயர்களே நிறைந்தன என்பதை மறத்தலாகாது.

இனி, பேர்கண்டியின் சோலியூ என்ற சிற்றூருக்கு வருவோம். பாரிஸிலிருந்து தெற்கே ஏறத்தாழ 250 கிலோமீற்றர் தொலைவில், ஆறாம் இலக்கத் தேசிய வீதியில் அமைந்தது அவ்வூர். காலையிற் பாரிஸை விட்ட மோட்டார் வண்டி நண்பகலில் அங்கு சேரும். ஆதலால் அதன் நல்வாய்ப்பு முழுவதும் தூரத்தின் கணக்கிலே தங்கியிருந்தது. பழைய குதிரை வண்டிக் காலத்திலும் அது தங்குமிடமே. 1677இல் அவ்வழியாற் சென்ற சேவின்யேச் சீமாட்டி அங்கு அளவுக்கு மிஞ்சி வைன் அருந்திவிட்டார் என்பது ஊரார் பெருமையுடன் கூறும் கதை. அல்ஜீரியாவின் குடியேற்றக்கால விடுதிகளிற் பணியாற்றிய அலெக்சாந்தர் துமேன், 1930களின் தொடக்கத்தில் அங்குள்ள கோத் தோர் விடுதியைப் பொறுப்பேற்றார். ஆவியில் வேகவைத்த அவரது கோழி புகழ்பெற்றது. 1935இல் மூன்று நட்சத்திரம் வந்தது. சோலியூவில் துமேன், வியென் நகரிற் பெர்னான் புவான், வலன்சில் அந்திரே பிக் என, பாரிஸிலிருந்து தென்கடல் நோக்கும் பெருவழியில் மூன்று பெருஞ் சமையற்கலைஞர் அமர்ந்தனர். 1936இல் மக்கள் முன்னணி அரசாங்கம் தொழிலாளருக்குச் சம்பளத்துடன் இரு வார விடுமுறை வழங்கியபோது அவ்வீதி மேலும் நிறைந்தது. ஆனால் தொழிலாளர் சைக்கிளிலும் புகையிரதத்திலும் சென்றனர். அவ்விடுதிகளின் வாசலை அவர்கள் மிதித்திருப்பரென்று கொள்வதற்கில்லை.

1954இல் இசையரங்கக் கலைஞராயிருந்த மார்சல் திலோய், நெலி திலோய் தம்பதியரே அடுத்த அடியை வைத்தனர். றோன் நதிக்கரையில் விடுதி நடத்திய அவர்கள், பாரிஸுக்கும் நீஸுக்கும் இடைப்பட்ட எட்டு விடுதிகளை ஒரு சங்கமாக இணைத்தனர். நட்சத்திரமிட்ட உணவும் வசதியான அறையும் ஒன்றாகக் கிடைக்கும் என்பதே அச்சங்கத்தின் வாக்குறுதி. இன்று றெலே ஏ ஷாத்தோ என உலகெங்கும் அறியப்படும் அமைப்பு அதன் வழிவந்ததாகும்.

வீதி தந்ததை வீதியே பறித்தது. 1970இற் பாரிஸ் முதல் லியோன் வரையிலான அதிவேக நெடுஞ்சாலை முழுமை பெற்றபோது சோலியூ ஒதுக்குப்புறமாயிற்று. நண்பகலில் அங்கு எவரும் கடந்து செல்லவேண்டிய தேவை இல்லாதொழிந்தது. துமேன் முன்னரே ஓய்வுபெற்றிருந்தார். விடுதியின் நட்சத்திரங்களும் மங்கியிருந்தன. 1975இல் அங்கு வந்த இளைஞர் பெர்னா லுவாசோ, றொவான் நகரில் புகையிரத நிலையத்தின் எதிரே விடுதி நடத்திய துருவாகுரோ குடும்பத்திடந் தொழில் பழகியவர். 1982இல் விடுதியை விலைக்கு வாங்கினார். வழிப்போக்கர் இல்லாத ஊரில் உணவை மாத்திரம் நம்பிப் பிழைக்க முடியாது; வருவோர் தங்கவேண்டும், தங்குவதற்கு அறை வேண்டும், தோட்டம் வேண்டும். பெருங்கடன் பட்டு அவர் அவற்றைக் கட்டினார். 1991இல் மூன்றாவது நட்சத்திரம் கிடைத்தது. 1998இல் அவரது நிறுவனம் பங்குச் சந்தையில் இடம்பெற்றது.

இன்றைய சுவை விடுதியின் அமைப்பு முழுவதும் இவ்விடத்தே புலப்படுகின்றது. துமேனின் விடுதி வீதிக்குப் பணிசெய்தது. லுவாசோவின் விடுதி தானே பயணத்தின் முடிவிடமாயிற்று. வீதிக்குப் பணிசெய்த விடுதிக்கு ஒரு நட்சத்திரம் குறைந்தாலும் பசித்தவர் வருவர். முடிவிடமாகிவிட்ட விடுதியோ மதிப்பீட்டாளரின் சொல்லில் உயிர்வாழ்வது. கடனைத் தீர்ப்பது அறை வருமானம், அறையை நிரப்புவது நட்சத்திரம். 2003ஆம் ஆண்டுப் பதிப்பில் கோ மில்லோ வழிகாட்டி அவருக்கு இருபதுக்குப் பத்தொன்பதாயிருந்த புள்ளியைப் பதினேழாகக் குறைத்தது. மிஷலின் நட்சத்திரமும் பறிபோகும் என்ற பேச்சுப் பத்திரிகைகளிற் பரவியிருந்தது. அவ்வாண்டு பெப்ரவரி 24ஆந் திகதி லுவாசோ தம் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 52. நட்சத்திரம் அவ்வாண்டு பறிக்கப்படவில்லை. அவருக்கு நெடுநாளாக மனச்சோர்வு இருந்ததென்பர். ஒரு புள்ளியே அவரைக் கொன்றதென்று கூறுவது வரலாற்றாசிரியனுக்கு அழகன்று. ஆயின் பிரெஞ்சுச் சமையற்கலைஞர் பலர் அன்று மதிப்பீட்டு முறையையே வினாவுக்குட்படுத்தினர் என்பது பதிவாகியுள்ளது.

2010இல் பிரெஞ்சு மக்களின் விருந்துணவு முறையையும் 2015இல் பேர்கண்டியின் முந்திரிகை நிலத்துண்டுகளையும் யுனெஸ்கோ மரபுரிமையாக ஏற்றது. சோலியூ விடுதியை லுவாசோவின் மனைவி தொடர்ந்து நடத்தினார். 2016இல் அதன் மூன்றாவது நட்சத்திரம் நீங்கியது. அவ்வூரினூடாகச் சென்ற ஆறாம் இலக்க வீதியும், 2006ஆம் ஆண்டளவில் தேசிய வீதி என்ற தகுதியை இழந்து, 906 என்ற இலக்கத்துடன் மாவட்ட வீதியாயிற்று.