காவுதடியும் கல்லாப்பெட்டியும்: பினாங்கின் நாசி கண்டார் கடைகள்

பினாங்கிற்குச் சுற்றுலா செல்லும் தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்கு அங்கே உணவைப் பற்றிய கவலை எழுவதில்லை. ஜார்ஜ் டவுன் நகரின் பழைய பகுதியில் சிறிது தூரம் நடந்தாலே நாசி கண்டார் கடையொன்று கண்ணில் படும். ஹலாலா என்று கேட்கத் தேவையில்லை. பெரும்பாலும் கல்லாவில் அமர்ந்திருப்பவர் தமிழ் பேசுவார். சோறு பரிமாறுபவரும் தமிழ் பேசுவார். சுற்றுலாக் கையேடுகள் இக்கடைகளைக் குடும்பத்தார் நடத்தும் இந்திய உணவகங்கள் என்று சொல்லிக் கடந்துவிடும். அந்தக் 'குடும்பம்' என்னும் சொல்லுக்கு அத்தீவில் இருநூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு.

1786இல் ஆங்கிலேயர் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கொடியேற்றியபோதே சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற நம்மவர் அவ்வட்டாரத்தில் இருந்தார்கள். அருகிலிருந்த கெடா நாட்டில் அவர்கள் நெடுங்காலமாக வணிகம் செய்து வந்தவர்கள். 'சூலியா' என்பது அவர்களுக்கு வழங்கிய பெயர். லைட் வகுத்த முதல் தெருக்களுள் ஒன்று இன்றும் சூலியா தெரு என்றே அழைக்கப்படுகிறது. 1794இல் லைட் எழுதிய குறிப்பொன்று நம் கவனத்திற்கு உரியது. சூலியாக்களில் சுமார் ஆயிரம் பேர் தீவிலேயே தங்கியுள்ளனர், அவர்களுள் சிலர் குடும்பத்தோடு இருக்கின்றனர் என்கிறார். ஆண்டுதோறும் கப்பல்களில் 1,300 முதல் 2,000 பேர் வரை வருகின்றனர். கடை வைத்தும் கூலி வேலை செய்தும் சிறிது பணம் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்புகின்றனர். அவர்கள் இடத்திற்கு வேறு ஆட்கள் வருகின்றனர் என்றும் எழுதுகிறார்.

தங்கியவர்கள் ஒருபுறம், வந்து போனவர்கள் மறுபுறம். இந்த இரண்டு வரிசைகளையும் மனத்தில் வைத்துக்கொண்டால் பினாங்கின் உணவுக்கடைகளைப் புரிந்துகொள்வது எளிது.

தங்கியவர்களின் வரிசை நன்கு பதிவானது. பரங்கிப்பேட்டையைச் சேர்ந்த காதர் முகையதீன் தமிழ் முஸ்லிம்களின் தலைவராக, 'கபித்தான் கெலிங்' என்னும் பட்டத்தோடு விளங்கினார். 1801இல் அவர் நிறுவிய பள்ளிவாசல் அப்பட்டத்தாலேயே இன்றும் அறியப்படுகிறது. நம் 'மரைக்காயர்' அங்கே 'மெரிக்கான்' ஆகி, குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது. மலாய்ப் பெண்களை மணந்துகொண்டவர்களின் வழிவந்தோர் ஜாவிப் பெரானாக்கான் என்னும் தனிச் சமூகமாக வளர்ந்தனர். அவர்களுக்குப் பள்ளிவாசல் உண்டு, நிலம் உண்டு, பெயர் உண்டு. வந்து போனவர்களுக்கு இருந்தது பசிதான். நாசி கண்டார் அந்தப் பசியிலிருந்து பிறந்தது.

மலாய் மொழியில் 'நாசி' என்றால் சோறு. 'கண்டார்' என்பது தோளில் தண்டு வைத்துச் சுமப்பதைக் குறிக்கும். நம் ஊரில் காவுதடி என்போமே, அதுவேதான். தடியின் ஒரு முனையில் சோற்றுக் கூடை, மறு முனையில் குழம்புச் சட்டிகள். விடியற்காலையில் அதைத் தோளில் ஏற்றிக்கொண்டு துறைமுகப் பக்கம் சென்று, மூட்டை சுமக்கும் கூலிகளுக்கு விற்பார்கள். வெயில் ஏறும்வரை வேலை செய்ய வேண்டிய உடம்புக்குக் காலையிலேயே சோறும் மீனும் தேவைப்பட்டன. நம் வீட்டுக் காலைப் பசியாறலோடு இதை ஒப்பிட்டால், இது வீட்டு வழக்கத்தில் பிறந்ததன்று, துறைமுக வேலையில் பிறந்தது என்பது விளங்கும்.

தட்டைப் பார்த்தாலும் அது விளங்கும். மீன்தலைக் குழம்பு, கணவாய், மாட்டிறைச்சி, மீன் சினை, அவித்த முட்டை, வெண்டைக்காய் ஆகியவை வரிசையாக இருக்கும். பரிமாறுபவர் ஒரு குழம்போடு நிறுத்தமாட்டார். இரண்டு மூன்று சட்டிகளிலிருந்து மாறி மாறி ஊற்றுவார். 'குவா சம்பூர்' எனப்படும் இந்தக் கலவைக் குழம்புதான் கடையின் உயிர். சோறு முழுகும்படி வேண்டுமென்றால் 'பஞ்சிர்', அதாவது வெள்ளம், என்று சொல்ல வேண்டும். நம் வீட்டுப் பந்தியில் இப்படிக் கலந்து ஊற்றினால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். சோயாச் சாற்றில் சமைத்த கோழியும் அதே வரிசையில் இருக்கும். அது சீனர் கைப்பக்குவத்திலிருந்து மலாய் வீடுகளின் வழியாக வந்து சேர்ந்தது. தாயகத்து உணவைத் தேடி இங்கே உட்காருபவர், தாயகத்தில் இல்லாத உணவொன்றைத்தான் உண்கிறார். சுவைக்கு அதனால் குறைவொன்றும் இல்லை.

காவுதடி எப்போது கடையானது? கேம்பெல் தெருவில் உள்ள ஹமீதியா உணவகம் 1907இல் முகம்மது தம்பி ராவுத்தர் தொடங்கியது. முதலில் மரத்தடியில் வைத்து விற்றதாகவும் பிறகே கட்டடத்திற்குள் வந்ததாகவும் சொல்லப்படுகிறது. தலைமுறைகள் கடந்தும் அது குடும்பத்தின் கையிலேயே இருக்கிறது. கபித்தான் கெலிங் பள்ளிவாசலை ஒட்டி, இரவில் திறக்கும் கடையொன்றும் உண்டு. அதன் பெயரான 'பெராத்தூர்' என்பதற்கு வரிசையில் நிற்றல் என்று பொருள். வாடிக்கையாளர்களின் வரிசையே பெயராகிவிட்டது.

இத்தகைய கடைகளுக்கு மலேசியாவில் பொதுவாக 'மாமாக்' கடை என்று பெயர். நம் 'மாமா'தான் அச்சொல்லின் வேர். மரியாதையாகத் தொடங்கிய அழைப்பு, சொல்லும் தொனியைப் பொறுத்து இளக்காரமாகவும் ஒலிக்கக்கூடும். 'கெலிங்' என்ற சொல்லோ பள்ளிவாசலின் பெயரில் பெருமையாகவும் தெருவில் வசையாகவும் இருக்கிறது.

வந்து போனவர்களின் வரிசைக்குத் திரும்புவோம். நம் ஊர்களில் அவர்களுக்குச் 'சபுராளி' என்று பெயர். 1926இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று பல்லாண்டுகள் ஓடி, 1973இல் ஓய்வுபெற்றது. அதன் தளத்தில் பாய் விரித்துப் படுத்துச் சென்ற ஆண்கள் எத்தனையோ பேர். கடையிலேயே வேலை, மாடியிலேயே படுக்கை, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர். பினாங்கில் குடும்பக் கடை என்று பெயர் பெற்ற பலவற்றின் அடுப்படியில், தம் குடும்பத்தைக் கடலுக்கு இப்பால் விட்டுச் சென்றவர்களே நின்றார்கள். மணியார்டரும் கடிதமுமே அவர்களுடைய இல்லறம். கடை வரலாறுகளில் அவர்களுடைய மனைவிமார் இடம்பெறுவதில்லை. இது பெரிய குறை என்பது என் எண்ணம்.

இதற்கு ஒரு விலக்கும் உண்டு. கடையநல்லூர், தென்காசிப் பகுதி முஸ்லிம்களில் பலர், தறித்தொழில் நலிந்தபோது மனைவி மக்களோடு கப்பலேறினார்கள். சிங்கப்பூரில் அப்பெண்கள் மசாலா அரைத்து விற்றுக் குடும்ப வருவாயில் பங்கு கொண்டார்கள். உணவுத்தொழிலில் நம் பெண்களின் உழைப்பு வெளிப்படையாகத் தெரியும் இடம் இது.

1968இல் இயற்றப்பட்ட வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, மலேசியாவில் குடியுரிமை இல்லாதோர் வேலை உரிமம் பெற வேண்டியதாயிற்று. பல்லாண்டுகள் உழைத்த பலர் அதையடுத்து ஊர் திரும்பினார்கள். சிலர் குடியுரிமை பெற்றுத் தங்கினார்கள். லைட் கண்ட இரண்டு வரிசைகளுக்கும் நடுவே சட்டம் ஒரு கோட்டைப் போட்டது.

அந்தக் கோடு இன்றும் கடைக்குள் ஓடுகிறது. கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகளில் பலர் படித்து வேறு தொழில்களுக்குச் செல்கிறார்கள். மலேசிய முஸ்லிம் உணவக உரிமையாளர் சங்கமான பிரெஸ்மா, வெளிநாட்டுத் தொழிலாளர்களை அமர்த்த அனுமதி வேண்டுமென்று அரசிடம் மீண்டும் மீண்டும் கோரி வருகிறது. அவ்வாறு வருபவர்களில் தமிழ்நாட்டவரும் உண்டு. அவர்களுக்குத் தரப்படும் தற்காலிக வேலை அனுமதியில் மனைவி மக்களை அழைத்துச் செல்ல இடமில்லை. சிலர் குடும்பத்தோடு இருக்கின்றனர் என்று 1794இல் எழுத முடிந்தது. இன்று அதே தமிழில் நம் தட்டில் குழம்பை ஊற்றுபவர், அனுமதிக் காலம் முடியும்வரை கைப்பேசித் திரையில்தான் தம் பிள்ளைகளைப் பார்க்கிறார்.