சிறகுக்கு வண்ணம் தந்த கைகள்

சந்தையில் சில காசுக்கு விலைபோகும் குருவியையும் இறைவன் மறப்பதில்லை என்று இயேசு பெருமான் கற்பித்தார். மனிதராகிய நாம் எவரை மறந்துவிடுகிறோம் என்பதற்கோ, சென்னையில் அச்சான பழைய பறவை நூலொன்று சான்றாக நிற்கிறது.

தாமஸ் ஜெர்டன் என்பவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் மருத்துவராகப் பணிபுரிந்தவர். பறவைகளை ஆராய்வதில் பேரார்வம் கொண்டவர். இந்தியப் பறவைகளைப் பற்றி 1843 முதல் 1847 வரை பகுதி பகுதியாக அவர் வெளியிட்ட நூலில் 50 வண்ணப் படங்கள் இடம்பெற்றன. அதனை அச்சிட்டது சென்னை அமெரிக்க மிஷன் அச்சகம். வின்சுலோவின் புகழ்பெற்ற தமிழ்-ஆங்கில அகராதி 1862இல் வெளிவந்ததும் அதே அச்சகத்திலிருந்துதான்.

அப்பறவைகளை வரைந்தவர்களுள் பெரும்பாலோர் இந்திய ஓவியர்களே. வண்ணங்களை நேரடியாக அச்சிடும் முறை பரவலாகாத காலம் அது. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லின்மேல் எண்ணெய்ப் பசையுள்ள கோலால் படம் வரைவார்கள். கல்லை நனைத்து மை தடவினால், ஈரமான இடம் மையை விலக்கும். கோடுகள் மட்டும் மையை ஏற்கும். இவ்வாறு கல்லச்சில் கிடைத்த கரிய கோட்டுருவத்துக்கு, மாதிரிப் படத்தைப் பார்த்து ஒவ்வொரு தாளிலும் நீர்வண்ணம் தீட்ட வேண்டும். நூறு படிகள் வேண்டுமெனில் 5,000 தாள்களுக்குத் தூரிகை பிடித்தாக வேண்டும்! அத்தனையிலும் கழுத்தின் பசுமையும் சிறகின் நீலமும் பிசகாதிருக்க வேண்டும்.

உயிர்களுக்குப் பெயரிடும் பொறுப்பை ஆதாம் பெற்றதாகத் தொடக்கநூல் கூறுகிறது. ஜெர்டனும் பறவைகளுக்குப் பெயரிட்டார். சில பறவைகள் இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றன. அதில் தவறில்லை. ஆனால், அச்சிறகுகளுக்கு வண்ணம் தீட்டியவர்களின் பெயரை யார் நினைக்கிறோம்?

மறதி தவிர்க்க முடியாததன்று. 1777 முதல் 1782 வரை கல்கத்தாவில் இம்பே சீமாட்டிக்காகப் பறவைகளை வரைந்த ஷேக் ஜைனுத்தீன், பவானி தாஸ், ராம் தாஸ் ஆகிய மூவரையும் உலகம் இன்று அறியும். ஓவியத் தாளிலேயே அவர்கள் பெயர் எழுதப்பட்டிருந்ததே அதற்குக் காரணம். ஒரு வரி எழுத்து, இரு நூற்றாண்டு மறதியை வென்றது.

பறவைகளின் சிறகில் வேறொரு வண்ணம் படிந்ததை நம் எண்ணூர் மக்கள் கண்டார்கள். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் கழிமுகத்தில் பரவியபோது, கூழைக்கடாக்களின் சிறகுகள் கருத்தன. அந்த எண்ணெயைக் கையால் அள்ளியவர்கள் மீனவர்கள். கறைபட்ட பறவையின் படத்தை நாளிதழ்களில் பார்த்தோம். அள்ளிய கைகளுக்குரியவரின் பெயரைக் கேட்டோமா?

இராயபுரத்தில் மூட்டை சுமந்தவர்கள், திருவொற்றியூர் ஆலைகளில் உழைத்தவர்கள் ஆகியோரின் பிள்ளைகளே நம் பங்குமக்கள். அடுத்த முறை ஆலயத்தில் கல்வெட்டுப் பதிக்கும்போது, திறந்து வைத்தவர், நன்கொடை அளித்தவர் பெயர்களோடு கொத்தனார், சித்தாள் பெயர்களையும் பொறிப்போம். இறைவன் மறவாதவர்களை நாம் மறப்பது முறையாகுமா?