துப்பறிவோனும் நகைப்பும்: இருட்படத்தின் நையாண்டி பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

1

துப்பறியும் கதையைப் பொழுதுபோக்கென ஒதுக்கிவிடுவது நமது ஆய்வாளர் பலரின் வழக்கமாக இருந்துவந்துள்ளது. அக்கதையைக் கேலி செய்யும் திரைப்படமோ ஆய்வுக்கே உரியதன்று எனக் கருதப்பட்டது. ஆனால், ஒரு சமூகம் எவற்றுக்கு அஞ்சுகிறது என்பதைத் துப்பறியும் கதை புலப்படுத்துமாயின், அவ்வச்சத்தோடு அச்சமூகம் எவ்வாறு உறவாடுகிறது என்பதை அதன் நையாண்டி புலப்படுத்தும். பெல்ஜிய மார்க்சியப் பொருளியலாளரான ஏர்னெஸ்ற் மண்டேல் 1984இல் வெளியிட்ட நூலொன்றில், குற்றக்கதையின் வளர்ச்சியை முதலாளித்துவச் சமூகத்தின் வளர்ச்சியோடு இணைத்து ஆராய்ந்தார். அம்முறையை நையாண்டிப் படங்களுக்கும் விரித்து, அமெரிக்க அனுபவத்தையும் தமிழ் அனுபவத்தையும் ஒப்பிட்டு நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

துப்பறியும் கதை அடிப்படையில் வாசிப்புப் பற்றிய கதையாகும். கால்தடம், சிகரெட் துண்டு, கிழிந்த கடிதம் ஆகியன குறிகள்; துப்பறிவோன் அக்குறிகளின் வாசகன். நையாண்டியில் இவ்வாசகன் பிழையாக வாசிக்கிறான், பார்ப்போர் சிரிக்கின்றனர். அப்பிழைவாசிப்புக்கு விலை கொடுப்பவர் யார் என்பதே நாம் இங்கு எழுப்பும் வினா.

2

ஹொலிவூட்டில் 1940களில் உருவான ஒருவகைக் குற்றப்படங்களைப் பிரெஞ்சு விமர்சகர் 1946இல் ‘ஃபிலிம் நுவார்’ என அழைத்தனர். கரிய படம் என்பது அதன் பொருள். இருட்படம் என நாம் வழங்கலாம். ஜோன் ஹியூஸ்ரனின் ‘த மோல்ற்றீஸ் ஃபல்கன்’ (1941), பில்லி வைல்டரின் ‘டபிள் இன்டெம்னிற்றி’ (1944), ஹொவார்ட் ஹோக்ஸின் ‘த பிக் ஸ்லீப்’ (1946) ஆகியன அவ்வகையின் முதன்மையான படைப்புகள். பொருளாதாரப் பெருமந்தத்தின் நினைவும், போரின் களைப்பும், ஹிட்லரின் ஆட்சியிலிருந்து தப்பிவந்த மத்திய ஐரோப்பியக் கலைஞரின் ஒளிநிழல் நுட்பமும் இப்படங்களில் ஒன்றுகூடின.

இப்படங்களின் துப்பறிவோன் கூலிக்கு உழைப்பவன் என்பது மனங்கொள்ளத்தக்கது. றேமண்ட் சாண்ட்லரின் மார்லோ நாளொன்றுக்கு 25 டொலரும் செலவும் பெற்றுத் தன் உழைப்பை விற்பவன். ‘மோல்ற்றீஸ் ஃபல்கன்’ நாவலை எழுதிய டஷீல் ஹமெற், தொழிலாளர் வேலைநிறுத்தங்களை முறியடிக்கப் பயன்பட்ட பிங்கேற்றன் துப்பறியும் நிறுவனத்தில் வேலைசெய்தவர். பின்னர் இடதுசாரியாகி, 1951இல் நீதிமன்றத்தில் பெயர்களை வெளியிட மறுத்துச் சிறை சென்றார். குற்றத்தை ஆராய்பவனும் குற்றம் நிறைந்த அமைப்பிடமே கூலி பெறுகிறான் என்ற முரண்பாடு இருட்படத்தின் உயிர்நாடியாகும். அங்கு குறிகளை வாசிக்க முடியும். ஆனால் வாசிப்பவனின் கைகளும் தூயவை அல்ல.

இதன் நையாண்டி இருவேறு கட்டங்களில் தோன்றியது. முதற் கட்டத்துக்கு எடுத்துக்காட்டு, பொப் ஹோப் நடித்த ‘மை ஃபேவரிற் புறூனெற்’ (1947). குழந்தைகளைப் படம்பிடிக்கும் ஒரு சிறு புகைப்படக்காரன் துப்பறிவோனாக ஆசைப்படுகிறான்; அயலிலுள்ள உண்மையான துப்பறிவோனின் அலுவலகத்தில் இருக்கையில் அவனாகவே கருதப்பட்டுக் கொலைவழக்கில் சிக்குகிறான். மரணதண்டனையை எதிர்நோக்கிச் சிறையிலிருந்தவாறே தன் கதையைச் சொல்கிறான். இருட்படங்களில் நடித்த பீற்றர் லோரே இதிலும் நடித்தார். மூலமும் நையாண்டியும் ஒரே காலத்தில், ஒரே நடிகரைக்கொண்டு, ஒரே தொழிற்றுறையில் உற்பத்தியாயின. எனவே அந்நகைப்பில் அச்சம் இன்னும் கலந்திருந்தது.

இரண்டாம் கட்டத்துக்குரியது கார்ல் றைனரின் ‘டெட் மென் டோன்ற் வெயார் பிளாய்ட்’ (1982). பழைய இருட்படங்களிலிருந்து காட்சித்துண்டுகளை வெட்டி எடுத்து, ஸ்ரீவ் மார்ட்டின் நடித்த புதிய காட்சிகளோடு ஒட்டி, அப்பழைய படங்களின் நடிகரோடு அவர் உரையாடுவதுபோல் அப்படம் அமைக்கப்பட்டது. தொழில்நுட்பத் திறன் வியக்கத்தக்கது. ஆயினும், அங்கு எஞ்சியவை தொப்பியும் சிகரெட்டும் சாளரத் தட்டியின் நிழலுமே. பெருமந்தமும் போரும் பார்வையாளரின் நினைவிலிருந்து விலகிய பின், இருட்படம் நூதனசாலைப் பொருளாயிற்று. நையாண்டி பழைய பண்டத்தை மீண்டும் சந்தைக்குக் கொணரும் வழியாயிற்று.

3

தமிழில் நிலைமை வேறு. ஜே. ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தனும் வடுவூர் கே. துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியாரும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெருந்தொகை வாசகரைப் பெற்றனர். சொத்துரிமை, திருமணம், குடும்ப மானம் ஆகியனவே இந்நாவல்களின் பொருள். துப்பறிவோன் கூலிக்கு உழைப்பவனாகவன்றி, குலைந்த ஒழுங்கை மீட்டுத்தரும் அறக்காவலனாகவே தோன்றினான். மொடேர்ன் தியேட்டர்ஸ் 1950இல் தயாரித்த ‘திகம்பர சாமியார்’ படத்தில் எம். என். நம்பியார் பல வேடங்களில் தோன்றி மறைபொருளை வெளிப்படுத்துவது இம்மரபின் தொடர்ச்சியே.

இம்மரபு திரையில் முழுமை பெறுமுன்னரே அதன் நையாண்டி எழுத்தில் தோன்றிவிட்டது. தேவன் என்ற ஆர். மகாதேவன் 1942இல் ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கிய ‘துப்பறியும் சாம்பு’ கதைகளையே கருதுகிறோம். சாம்பு வங்கிக் குமாஸ்தா. பிறரால் அசடன் எனக் கருதப்பட்டவன். அவன் தடுக்கி விழுந்த இடத்தில் திருடன் அகப்படுகிறான். உளறிய சொல் துப்பாகிவிடுகிறது. இன்ஸ்பெக்டர் கோபாலன் முதலாகப் பலரும் அவனை மேதை எனப் போற்றுகின்றனர். பின்னர் தொலைக்காட்சித் தொடராகவும் இக்கதைகள் பரவலான பார்வையாளரை அடைந்தன.

பொப் ஹோப்பின் புகைப்படக்காரனும் தேவனின் சாம்புவும் சிறு வருவாய்க் கீழ் நடுத்தர வர்க்கத்தினர். எனினும் ஒரு வேறுபாடு உண்டு. அமெரிக்கன் துப்பறிவோனாக விரும்புகிறான். உலகம் அவனைக் குற்றவாளியாக வாசித்துத் தண்டிக்கிறது. சாம்புவையோ உலகம் தவறாக வாசித்து உயர்த்துகிறது. காலனிய நிருவாகத்தில் பதவியும் புகழும் திறமைக்கு ஏற்ப வழங்கப்படுவதில்லை என்பதை அன்றாடம் கண்ட குமாஸ்தா வர்க்கத்தின் நகைப்பு அது. வெள்ளையனே வெளியேறு இயக்கம் பொலிஸ் படையால் ஒடுக்கப்பட்ட அதே 1942இல், பொலிஸ் அதிகாரி அசடனைப் போற்றும் கதையைப் படித்து நடுத்தர வர்க்கம் சிரித்தது. அரசின் வாசிப்புத் திறனில் நம்பிக்கை இல்லாத இடத்தில் நையாண்டி முந்திக்கொள்வது இயல்பே.

ஆனால் இந்நகைப்பின் எல்லையையும் நாம் சுட்டவேண்டும். சாம்பு எவ்வளவு பிழையாக வாசித்தாலும் இறுதியில் அகப்படுபவன் உண்மைக் குற்றவாளியே. களவுபோன நகை உரியவரிடமே சேர்கிறது. பிழைவாசிப்புக்கு நிரபராதி எவனும் விலை கொடுப்பதில்லை. இச்சலுகையே அந்நகைச்சுவையை இனிமையாக்கியது.

4

தமிழில் இருட்படத்துக்கு மிக அண்மித்த படைப்பு எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’ (1954). ஏவி.எம். தயாரிப்பான அதில் பாடலும் ஆடலும் இல்லை. 1943 ஒக்டோபரில் சென்னை மீது யப்பானியக் குண்டு விழுந்த மறுநாள், றேடியோப் பொறியியலாளன் ராஜன் சுடப்பட்டுக் கிடக்கிறான். சி.ஐ.டி. அதிகாரி ஒவ்வொருவரையும் விசாரிக்க, ஒவ்வொருவர் சொல்லும் கதையும் வேறுவேறாகிறது. ராஜன் எதிரிக்கு உளவு சொன்னவன் என்பதும் மனைவியே அவனைச் சுட்டாள் என்பதும் முடிவில் வெளிப்படுகின்றன. பத்தாண்டுகள் கழித்து வெளிவந்த ‘புதிய பறவை’யில் (1964) மனைவியின் சாவுக்குக் காரணமான நாயகனைக் காதலித்து உண்மையை வெளிக்கொணர்பவள் மாறுவேடத்திலுள்ள பொலிஸ் பெண்.

அமெரிக்க இருட்படத்தில் ஆணை அழிவுக்கு இட்டுச்செல்லும் பெண் பணத்தையும் இச்சையையும் குறித்து நின்றாள். தமிழில் அப்பெண் தேசத்தின் கையாகவும் சட்டத்தின் கையாகவும் மாற்றப்படுகிறாள். சுதந்திரத்துக்குப் பிந்திய தமிழ்த் திரை, இருட்டை ஏற்றுக்கொண்ட வேளையிலும் அரசை ஐயத்துக்கு அப்பாற்பட்டதாகவே வைத்தது. 1960களின் பிற்பகுதியில் ஜெய்சங்கரும் எம்.ஜி.ஆரும் உளவுத்துறை வீரராக நடித்த படங்கள் இப்போக்கை மேலும் வலுப்படுத்தின. துப்பறிவோனைக் கேலிசெய்யும் வாய்ப்பு இதனால் முழுப் படத்திலன்றி, நகைச்சுவைப் பகுதிக்குள்ளேயே அடங்கிற்று.

அவ்வாறு அடங்கியவற்றுள் தலைசிறந்தது ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’யில் (1964) நாகேஷ் கதைசொல்லும் காட்சி. படத்தயாரிப்பாளனாக விரும்பும் செல்லப்பா, செல்வந்தரான தந்தை விசுவநாதனுக்குத் (டி. எஸ். பாலையா) திகிற்கதை ஒன்றைச் சொல்கிறான். கதவு கிறீச்சிடும் ஒலியும் காலடி ஓசையும் அவன் வாயிலிருந்தே பிறக்கின்றன. பாலையா நடுங்குகிறார். இங்கு கேலிக்குள்ளாவது துப்பறிவோன் அல்லன். திகில் என்ற பண்டம் உற்பத்தியாகும் முறையே. கதைசொல்பவன் மூலதனம் தேடுபவன். கேட்பவர் மூலதனத்தை உடையவர். அச்சத்தின் குறிகள் மலிவாகச் செய்யப்படுவதை அக்காட்சி பட்டவர்த்தனமாக்குகிறது. ‘புதிய பறவை’யும் பாலசந்தரின் ‘பொம்மை’யும் வெளிவந்த அதே ஆண்டில் இக்காட்சியும் வந்தது என்பது தற்செயலாயினும் பொருளுடையது.

முழுநீளப் படமாக இந்நையாண்டி தென்னிந்தியாவில் முதலில் வேரூன்றியது தெலுங்கிலே எனலாம். ஜந்தியாலாவின் ‘சண்டப்பாய்’ (1986) படத்தில் சிரஞ்சீவி ஜேம்ஸ் பாண்டுக்குப் பதிலாக ஜேம்ஸ் பாண்ட் ஆக முடியாத ‘ஜேம்ஸ் பொண்ட்’ என்ற எளிய துப்பறிவோனாக நடித்தார். 2019இல் வந்த ‘ஏஜென்ற் சாய் ஸ்ரீனிவாச ஆத்ரேயா’வும், அதன் தமிழ் வடிவமாகச் சந்தானம் நடித்த ‘ஏஜென்ட் கண்ணாயிர’மும் (2022) அவ்வழியின. படம் பார்த்துத் தொழில் பழகிய சிற்றூர்த் துப்பறிவோன் முதலில் சிரிப்பூட்டுகிறான். பின்னர் இருப்புப்பாதை அருகே கிடக்கும், உரிமைகோர எவருமில்லாத உடல்கள் அவன் முன் வருகின்றன. அவ்விடத்தில் நகைச்சுவை தடுமாறுகிறது. நையாண்டி தன் மூலமான இருட்டுக்குத் திரும்பவேண்டியதாகிறது.

5

அவ்வுடல்கள் பெரியநீலாவணையிலிருந்து பொத்துவில்வரை பரந்த எமது கரையோரத்துக்குப் புதியன அல்ல. தென்னிந்தியத் திரையின் சி.ஐ.டி. வீரரைக் கண்டு இங்குள்ளோரும் மகிழ்ந்தனர். ஆனால் 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் பின்னர் ‘சி.ஐ.டி.’ என்ற சொல் இங்கு வேறொரு பொருளைப் பெற்றது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் அளிக்கப்பட்ட ஒப்புதல் வாக்குமூலத்தை அச்சட்டம் சான்றாக ஏற்றது. துப்பறியும் கதையில் துப்புகள் சேர்ந்து ஒப்புதலைப் பிறப்பிக்கும். இச்சட்டத்திலோ ஒப்புதலே துப்பாயிற்று. வாசிக்கும் உழைப்பு வேண்டப்படாத துப்பறிவு அது.

1990இன் இழப்புகளைத் தமிழ்க் கிராமங்களும் முஸ்லிம் ஊர்களும் அறியும். 2019 ஏப்ரலின் பின்னர் முஸ்லிம் இளைஞர் பலர் அதே சட்டத்தின் கீழ்க் கைதாயினர். மன்னாரைச் சேர்ந்த கவிஞர் அஹ்னாப் ஜஸீம் 2020 மேயில் கைதுசெய்யப்பட்டதற்கு அவரது ‘நவரசம்’ என்ற கவிதை நூல் காரணமாகக் காட்டப்பட்டது. தீவிரவாதத்தை எதிர்க்கும் கவிதைகளையும் கொண்டிருந்த நூல், தீவிரவாதத்தைப் பரப்புவதாக வாசிக்கப்பட்டது. பதினெட்டு மாதங்களுக்கு மேல் தடுப்பில் இருந்த அவர் 2021 டிசெம்பரில் பிணை பெற்று, 2023 டிசெம்பரிலேயே விடுதலையானார். சாம்புவின் பிழைவாசிப்பு திருடனைப் பிடித்தது. இப்பிழைவாசிப்பு கவிஞனைப் பிடித்தது. கதையமைப்பு ஒன்றே, விலை கொடுத்தவர் வேறு.

இதனால் நையாண்டியைப் பயனற்றதென நாம் தள்ளிவிடவில்லை. அதிகாரம் தன்னைப் பிழையற்ற வாசகனாக முன்னிறுத்தும்போது, அவ்வாசகனின் அசட்டுத்தனத்தைக் காட்டுவது முற்போக்கான பணியே. தேவனும் நாகேஷும் தத்தம் எல்லைக்குள் அதனைச் செய்தனர். ஆனால் பிழைவாசிப்பால் துன்புற்றவரையும் கதைக்குள் கொணரும் நகைச்சுவை தமிழில் இன்னும் போதிய அளவு எழவில்லை.

காணாமற்போனோர் பற்றி ஆராய 1994இல் வடக்குக் கிழக்குக்கென ஓர் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டம் 2016இல் நிறைவேறியது. 2017 முதல் வடக்கிலும் கிழக்கிலும் வீதியோரங்களில் தொடர்ந்து போராடிவந்த தாய்மார், கொண்டுசெல்லப்பட்ட நாளையும் நேரத்தையும் இடத்தையும் கண்டவரின் சொல்லையும் ஆண்டுக்கணக்காகச் சேர்த்து வைத்திருப்பவர்கள். எவரிடமும் கூலி பெறாது, எந்த நிறுவனத்தின் பயிற்சியுமின்றி இவ்வூர்களில் துப்பறிந்தவர் அவர்களே. அவர்கள் சேர்த்த குறிகளை முறையாக வாசிக்கும் கடமை அரசுக்கு மட்டுமன்றி, வாசிப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கும் உரியது.