சேர்ப்பதும் கழிப்பதும்

ஒரு நூலகத்துக்கு வந்து சேர்வதை வைத்துக்கொள்வதா, கழிப்பதா என்று தீர்மானிப்பதும் விமர்சனம்தான். அந்த விமர்சனத்தில் கையெழுத்து இருப்பதில்லை. அதனாலேயே நாம் அதைப் பொருட்படுத்துவதில்லை.

தமிழில் இதற்கு ஒரு சரித்திரம் உண்டு. அச்சான தமிழ்ப் புத்தகங்களுக்கு வகைவாரியாக ஒரு பட்டியலை ஜான் மர்டாக் 1865-ல் வெளியிட்டார். மிஷனரியானாலும் பிற மத நூல்களையும் சேர்த்துக்கொண்டார். சிலவற்றுக்குத் தன் அபிப்பிராயத்தையும் எழுதினார். 1867-ல் வந்த பதிவுச் சட்டம் அச்சானதைச் சர்க்காரிடம் ஒப்படைக்கச் சொன்னது. காலாண்டுப் பட்டியல்கள் வந்தன. சட்டத்துக்கு இலக்கிய அக்கறை எதுவுமில்லை, கண்காணிப்புதான். ஆனால் கண்காணிக்கிறவனுக்கு எதையும் கழிக்க மனசு வராது. ரசனையுள்ளவர்கள் ஒதுக்கிய பலவற்றின் தலைப்பாவது மிஞ்சியது இப்படித்தான்.

கோட்டையூர் ரோஜா முத்தையா இன்னொரு வகை. புத்தகத்தோடு நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் எல்லாம் அவருக்குச் சரக்கு. 1992-ல் அவர் மறைந்தபின், 1994-ல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கிச் சென்னையிலேயே இருக்கச் செய்தது. தரம் பார்க்காமல் சேர்த்தார் என்பதே அவருடைய தரம்.

முத்தையாவின் வழி இன்று செல்லுமா என்பதுதான் என் சந்தேகம். காகிதத்தை ஒரு பெட்டியில் போட்டு மறந்துவிடலாம். கரையானுக்குத் தப்பினால் ஐம்பது வருஷம் கழித்தும் படிக்கலாம். கணினிக் கோப்பை மறந்தால் அது செத்துவிடும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை முதலில் அன்றைய எழுத்துருக்களில் ஏற்றி, பிறகு யூனிகோடுக்கு மாற்ற வேண்டியிருந்தது. மாற்றாமல் விட்ட அந்தக் காலத்துக் கோப்பை இன்று திறந்தால் தமிழ் தெரியாது, ஏதோ குறிகள்தான் தெரியும்.

சட்டமும் இங்கே கை கொடுக்காது. புதுப் புத்தகங்களைக் கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்கு அனுப்பச் சொல்கிற 1954-ன் சட்டம் அச்சிட்டதைத்தான் புத்தகம் என்கிறது. 1867 சட்டத்துக்குப் பதிலாக 2023-ல் வந்த சட்டமோ பத்திரிகைகளோடு நின்றுவிட்டது.

நான் வேலை பார்க்கிற கிளை ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் இருக்கிறது. ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்ய ஆரம்பித்தது 1998-ல். நோக்கியா ஆலை 2006-ல் திறந்து 2014-ல் மூடியது. விடுதிச் சாப்பாட்டில் பலர் நோயுற்றதும், 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் நெடுஞ்சாலையை மறித்தார்கள். 2024-ல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நம் காலத்து நோட்டீஸ்கள் இவைதாம். பெரும்பகுதி கைபேசியில் கிடக்கிறது: குரல்பதிவு, படம், பலமுறை கைமாறிய செய்தி. வாட்ஸப்பில் கைமாறிய படத்தில் எடுத்த நாளும் கருவியும் உதிர்ந்துவிடுகின்றன, படமே சுருங்கிவிடுகிறது. யாரிடமிருந்து வந்தது என்பதுதான் நூலகத்தின் முதல் கேள்வி. அதற்கே பதில் கிடையாது.

ஆகவே, வந்த அன்றே செய்ய வேண்டியவை சில உண்டு. மூலத்தில் கை வைக்காமல் பிரதி எடுத்து, ஒவ்வொரு கோப்புக்கும் கணக்கிட்டு ஓர் எண்ணைக் குறித்துக்கொள்கிறார்கள். செக்சம் என்று பெயர். பின்னால் ஓர் எழுத்து மாறினாலும் எண் ஒத்துவராது. சாயங்காலம் கணக்கு நேர் பார்க்கிற எனக்கு இது புரிகிற விஷயம். (வங்கிகள் இப்போது காசோலையின் பிம்பத்தை அனுப்பியே பணம் தீர்க்கின்றன, இருந்தும் காகிதத்தைப் பத்து வருஷம் வைத்திருக்க வேண்டும். பிம்பத்தின் மேல் எங்களுக்குள்ள நம்பிக்கை அவ்வளவுதான்.) வெவ்வேறு ஊர்களில் பிரதிகள், சில வருஷங்களுக்கு ஒருமுறை புதுத் தட்டு, தேவையானால் புது வடிவம். செலவு வாங்குவதில் இல்லை, வைத்திருப்பதில் இருக்கிறது. செலவு என்று வந்தவுடன் தேர்வு வருகிறது; தேர்ந்தெடுப்பவர் யார் என்பதும் கூடவே வருகிறது.

எல்லாவற்றையும் சேர் என்று நான் சொல்லத் தயங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு வேலைநிறுத்தக் குழுவின் உரையாடலில் பெயர்களும் எண்களும் இருக்கும். பேசியவள் இன்னும் அதே ஷிப்டில் நிற்கலாம். அவள் சம்மதமில்லாமல் அது ஆவணம் ஆகாது, காட்டிக்கொடுப்பு ஆகும். அவளைக் கேட்டு வாங்கி, முப்பது வருஷம் திறப்பதில்லை என்று எழுதிக்கொடுத்து வைக்கலாம். ஆனால் பூட்டியிருக்கிற அந்த முப்பது வருஷமும் யாராவது அதைப் பிரதி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். 1948-ன் நூலகச் சட்டம் சொத்துவரியோடு வசூலிக்க வழிசெய்த நூலக வரியிலிருந்து, வாசகரே இல்லாத இந்த வேலைக்கு ஒரு சம்பளம் கேட்டுப் பார்க்க வேண்டும்.