துவக்கின் உதையைத் தாங்கியவர்கள்

ஈழத்துப் பேச்சுத் தமிழில் துப்பாக்கிக்குத் துவக்கு என்று பெயர். சிங்களத்தில் அது துவக்குவ. துப்பாக்கி, துவக்கு ஆகிய இரு சொற்களும் துருக்கிய மொழிவழி வந்தவை என்பர் மொழியறிஞர். அச்சொல்லை நாம் கடன் வாங்கி ஐந்து நூற்றாண்டுகள் ஆகின்றன. அதன் வாயிலிருந்து புறப்பட்ட குண்டுகளைப் பற்றி எழுதப்பட்ட வரலாறு ஏராளம். ஆனால் பிடிக்கட்டையின் பக்கம், தோளைக் கொடுத்து நின்றவனுக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பற்றி எழுதியோர் சிலரே. அண்மையில் கனடாவில் வாழும் வாசகர் ஒருவர், தமது .375 றைபிளுக்குப் பின்னுதைப்பைக் குறைக்கும் தாங்கி ஒன்று வாங்க எண்ணியிருப்பதாகவும், எதைத் தெரிவு செய்யலாம் என்றும் கேட்டு எழுதியிருந்தார். நான் வேட்டைக்காரனல்லன். எனினும் அக்கேள்வி என்னைப் பழைய நூல்களிடம் கொண்டு சென்றது.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். குண்டும் வெடிமருந்துப் புகையும் எவ்வளவு உந்தத்துடன் முன்னே செல்கின்றனவோ, அவ்வளவு உந்தம் துவக்கைப் பின்னே தள்ளும். இதிலிருந்து தப்ப வழியில்லை. ஆனால் அதே உந்தத்தை வாங்கும் துவக்கு இரு மடங்கு எடையுள்ளதாக இருந்தால், தோளில் இறங்கும் சக்தி பாதியாகக் குறையும். எடையைக் கூட்டு, அல்லது உதையை வேறெதன் மீதாவது இறக்கு, அல்லது அதனைச் சற்று நேரத்துக்குப் பரப்பு. ஐந்நூறு ஆண்டுகளாக மனிதன் செய்துவந்தவை இவ்வளவே.

உதையை வேறொன்றின் மீது இறக்கும் வழியே முதலில் வந்தது. 15ஆம் நூற்றாண்டு ஜேர்மனிய நகரங்களில் கோட்டை மதிலைக் காத்தவர்களின் துவக்குகளில், குழலின் அடியில் இரும்புக் கொக்கி ஒன்று இருந்தது. கொக்கியை மதில் விளிம்பின் வெளிப்பக்கத்தில் மாட்டிச் சுட்டால் உதையை மதிலே ஏற்றுக்கொள்ளும். அக்கொக்கித் துவக்கின் பெயரே திரிந்து 'ஆர்க்கிபஸ்' ஆயிற்று. அடுத்த நூற்றாண்டின் கனத்த ஸ்பானிய மஸ்கட்டுக்குக் கவைக்கோல் வந்தது. அது எடையைத் தாங்கியதேயன்றி உதையைத் தாங்கவில்லை. நமது தீவிலும் இதற்கொரு சான்றுண்டு. கண்டி இராச்சியத்துப் படைகள் கொடித்துவக்கு எனப்படும் சிறு பீரங்கியை மரக்கால்களின் மேல் நிறுத்திச் சுட்டன. அக்கால்களைப் பார்த்த ஆங்கிலேயர் அதனை வெட்டுக்கிளி என்றனர். இன்றும் கொடித்துவக்கு என்பது சிங்களவரிடையே ஒரு குடும்பப் பெயர்.

ஆனால் பின்னுதைப்பின் கதையில் இலங்கைக்குரிய பெரிய இடம் யானை வேட்டையால் வந்தது. அதனைப் பெருமையுடன் எழுத என்னால் இயலவில்லை. 1840களில் ஊவாவில் பணியாற்றிய மேஜர் றொஜர்ஸ் 1,400க்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றவர்; 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். இது தனியொருவரின் வெறி மட்டுமன்று. யானைத் தலைக்குச் சில ஷில்லிங் என அரசாங்கமே சன்மானம் கொடுத்தது. 1848இற்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகள் கொல்லப்பட்டன என்றும், 1851 முதல் 1856 வரை தென் மாகாணத்தில் 2,000 யானைகளுக்குச் சன்மானம் வழங்கப்பட்டது என்றும் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் ரெனன்ற் பதிவு செய்திருக்கிறார். வன்னிக் காடுகளின் இன்றைய அமைதியில் இந்த எண்களுக்கும் ஒரு பங்குண்டு.

அக்காலத்தில் நுவரெலியாவில் குடியேறி 1855 வரை வாழ்ந்தவர் சாமுவேல் பேக்கர். பின்னாளில் நைல் நதியின் ஊற்றைத் தேடிப் புகழ்பெற்றவர். 1840இல் தமது திட்டப்படி பிறிஸ்டல் நகரின் கிப்ஸ் என்னும் துவக்குக் கம்மியரிடம் அவர் செய்வித்த றைபிளின் எடை 21 இறாத்தல். கூர்ங்குண்டு 4 அவுன்ஸ், கரிமருந்து 16 திறாம், அதாவது ஒரு முழு அவுன்ஸ். துவக்கின் எடை குண்டின் எடையைப் போல் 84 மடங்கு. யானையின் முன் நின்று இதைச் சுட்டவர் எந்தத் தாங்கியையும் நாடவில்லை. எடையே அவருக்குத் தாங்கி.

இதே பேக்கர் 1860களில் அபிசீனிய எல்லைக்குக் கொண்டுசென்ற 'பேபி' என்ற துவக்கின் கதை வேறு. அதன் குண்டு அரை இறாத்தல். துவக்கோ 20 இறாத்தல்தான். வெறும் 40 மடங்கு. மருந்தை 10 திறாமாகக் குறைத்தும், சுட்டபோது புயலில் அகப்பட்ட காற்றுத்திசைகாட்டி போலத் தாம் சுழன்றதாக அவரே எழுதுகிறார். தம் சொந்தத் துவக்குக்குத் தாம் அஞ்சியதை அவர் மறைக்கவில்லை. அவரது ஆட்களில் எவராலும் அதைச் சுட இயலவில்லை. அரேபியர் அதற்குப் பீரங்கியின் குழந்தை எனப் பெயரிட்டனர். பல ஆண்டுகளில் அவர் அதனைச் சுட்டது ஏறத்தாழ இருபது தடவை மட்டுமே. 84க்கும் 40க்கும் உள்ள வேறுபாட்டை எந்தப் பௌதிக ஆசிரியரும் இதைவிடத் தெளிவாக விளக்கிவிட முடியாது.

இன்னும் கொடியது பிரெடரிக் செலூஸின் அனுபவம். 1870களில் தென்னாபிரிக்காவுக்கு அப்பால் யானை வேட்டையாடிய அவரிடமிருந்த வாய்வழி மருந்திடும் நான்கு போர் துவக்குகள், நம்மூர் இடியன் துவக்கின் பெரியப்பன்கள் எனலாம். நான்கு போர் என்றால், ஓர் இறாத்தல் ஈயத்தில் நான்கு உருண்டைகள் வார்க்கும் அளவு. ஓர் உருண்டை கால் இறாத்தல். துவக்கின் எடை 12½ இறாத்தல், மருந்து 20 திறாம். மலிவான அத்துவக்குகளால் அவர் மூன்று பருவங்களில் 78 யானைகளைக் கொன்றார். ஆனால் அவற்றின் உதை தமது நரம்புகளைப் பாதித்து, அதன் பின்னர் தாம் குறிபார்த்துச் சுடும் ஆற்றலையே குலைத்துவிட்டது எனவும், அவற்றைத் தொடாமலே இருந்திருக்கலாம் எனவும் பிற்காலத்தில் மனம் வருந்தி எழுதினார்.

செலூஸ் சொன்னதுதான் இன்றைய தாங்கிகள் தோன்றியதற்கான உண்மைக் காரணம். தோளின் நோவு இரண்டு நாளில் ஆறிவிடும். உதை வரப்போகிறது என்று உடல் ஒருமுறை கற்றுக்கொண்டால், விசையை இழுக்கும் கணத்தில் கண் மூடும், தோள் துள்ளும், குண்டு விலகும். இதை மறக்கச் செய்வது எளிதன்று. காயப்பட்ட விலங்கு தப்பியோடுவதும், அதைத் தேடிச் செல்பவன் ஆபத்தில் விழுவதும் இதனாற்றான்.

பீரங்கிகளுக்கு விடை 1897இல் கிடைத்தது. பிரெஞ்சு 75 மில்லிமீற்றர் பீரங்கியில் எண்ணெயும் அமுக்கிய காற்றும் குழலை மெல்லப் பின்செல்லவிட்டு மீண்டும் முன்கொணர்ந்தன, வண்டி அசையவில்லை. தோளில் வைத்துச் சுடுவோருக்கு அந்த வசதி தாமதமாகவே வந்தது. ஜேர்மனியர் 1918இல் தாங்கிகளைத் துளைக்கவெனச் செய்த 13.2 மில்லிமீற்றர் மௌசர் றைபிளில் (தமிழில் யுத்த தாங்கிக்கும் துவக்குத் தாங்கிக்கும் ஒரே சொல்லாய்ப் போயிற்று, பொறுத்தருள்க) முன்னங்கால்கள் இருந்தன. உதையைக் குறைக்க எதுவும் இல்லை. 1937இல் பிரித்தானியப் படை ஏற்ற போய்ஸ் றைபிளில் பின்னகரும் குழலும், இறப்பர் மெத்தையும், பெரும்பாலானவற்றில் குழல்வாயில் தடுப்பும் இருந்தன. அப்படியிருந்தும் அதைச் சுட்டவர்களின் தோள்கள் கன்றின.

இனி வாசகரின் கேள்விக்கு வருகிறேன். இன்று கடைகளில் கிடைக்கும் 'லெட் ஸ்லெட்' போன்ற தாங்கிகள் பேக்கரின் கணக்கையே வேறு வடிவில் செய்கின்றன. றைபிளின் பிடிக்கட்டையை ஒரு சட்டத்தில் இருத்தி, அச்சட்டத்தின் மேல் 25 இறாத்தல் ஈயப் பைகளை ஏற்றுகிறார்கள். எடை கூடக் கூட உதை குறையும். ஆனால் உந்தம் எங்கும் மறைந்துவிடுவதில்லை. சட்டத்தை அசையாதபடி பாரமேற்றினால், முன்பு தோள் விட்டுக்கொடுத்த இடத்தில் மரம் விட்டுக்கொடுக்க நேரிடும். பிடிக்கட்டை பிளந்ததும், தொலைநோக்கி கெட்டதும் பலருக்கு நேர்ந்துள்ளது. ஆகவே .375க்கு ஒரு பையுடன் தொடங்குவதும், தாங்கி சற்றுப் பின்னே வழுக்கும்படி மேசையில் தளர்வாக வைப்பதுமே நல்லது. பின்புறம் சுவருடன் முட்டக்கொடுக்கும் தாங்கியை நான் வாங்கமாட்டேன்.

செலவில்லாத வழியும் உண்டு. அமர்ந்து, மேசைமேல் குனிந்து சுடுகையில் முழு உடலும் உதைக்கு அணையாகிவிடுகிறது. நின்று சுடுகையில் இடுப்பிலிருந்து உடல் பின்னே அசைந்து அதனை வாங்கிக்கொள்கிறது. கனத்த துவக்குகளைச் சரிபார்க்க மார்பளவு உயர மேசையில் மணற்பை வைத்து நின்று சுடுவது இதற்காகவே. அமர்ந்தே ஆகவேண்டுமெனின், தோளுக்கும் பிடிக்கட்டைக்கும் இடையில் சிறு மணற்பை ஒன்று போதும்.

இரட்டைக் குழல் றைபிள் வைத்திருப்போர் இந்த ஈயத் தாங்கிகளின் பக்கமே போகலாகாது. அதன் இரு குழல்களும் குண்டு வெளியேறுமுன் துவக்கு எவ்வளவு அசையும் என்பதைக் கணக்கிட்டே ஒன்றுசேர்க்கப்பட்டவை. அசைவை நிறுத்தினால் இரண்டு குண்டுகளும் இரண்டு திசையிற் போகும்.