இரு நாடுகளுக்கு நடுவே ஓர் இணைப்புக்கோடு: பேராசிரியர் குஸ்தாவோ பெரெஸ் ஃபிர்மாட்

கியூப அமெரிக்க இலக்கிய ஆய்வாளர், கவிஞர், எழுத்தாளர் எனப் பல முகங்கள் கொண்டவர் குஸ்தாவோ பெரெஸ் ஃபிர்மாட். புலம்பெயர்ந்தோரின் அடையாளமும் மொழியுமே அவருடைய ஆய்வுக் களம்.

ஊரை விட்ட குடும்பம்

1949-இல் கியூபாவின் தலைநகர் ஹவானாவில் பிறந்தார். தந்தை உணவுப் பொருள் மொத்த வியாபாரி. 1960 அக்டோபரில் ஃபிடல் காஸ்ட்ரோ அரசு அவரது கிடங்கைப் பறிமுதல் செய்தது. அதே மாதம் குடும்பம் கப்பலேறி, அமெரிக்காவின் மயாமி நகரில் குடியேறியது. அப்போது குஸ்தாவோவுக்கு வயது 11.

விரைவில் ஊர் திரும்பலாம் என்றே பெரியவர்கள் நம்பினர். "அடுத்த ஆண்டு கியூபாவில்" என்பது கிறிஸ்துமஸ் விருந்தில் அவர்கள் சொல்லிக்கொள்ளும் வாழ்த்து. ஆண்டுகள் ஓடினவே தவிர, திரும்பும் நாள் வரவில்லை. 1995-இல் வெளிவந்த தமது நினைவுக்குறிப்பு நூலுக்கு அவர் அந்த வாழ்த்தையே தலைப்பாக்கினார்.

கல்விப் பணி

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, 1979 முதல் 1999 வரை டியூக் பல்கலைக்கழகத்திலும், பின்னர் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார். 1982-இல் வந்த முதல் நூல் ஸ்பானிய மொழிப் புதுமை நாவல்களைப் பற்றியது. 1989-இல் 'தி கியூபன் கண்டிஷன்' நூலில் கியூப இலக்கியத்தின் பக்கம் திரும்பினார்.

ஒன்றரைத் தலைமுறை

அவருக்குப் பெரும்புகழ் தந்தது 1994-இல் வெளிவந்த 'லைஃப் ஆன் தி ஹைஃபன்'. 'கியூப-அமெரிக்கர்' என்னும் சொல்லின் நடுவிலுள்ள இணைப்புக்கோட்டையே அவர் ஆராய்ந்தார். கியூபாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர்களைச் சமூகவியலாளர் ரூபன் ரும்பாட் 'ஒன்றரைத் தலைமுறை' என்றார். இவர்கள் இரு பண்பாடுகளிலும் புழங்கத் தெரிந்தவர்கள். அந்தக் கோடு குறையல்ல, படைப்புக்கு வளம் என்பது பெரெஸ் ஃபிர்மாட்டின் வாதம். இசைக்கலைஞரும் தொலைக்காட்சி நடிகருமான டெசி அர்னாஸ் அவர் காட்டும் முக்கியச் சான்று.

ஆனால் இந்த வளம் நிலையானதல்ல என்பதையும் அவர் மறைக்கவில்லை. அமெரிக்காவிலேயே பிறந்த பிள்ளைகளுக்குக் கியூபா பெற்றோர் சொன்ன கதை மட்டுமே.

மொழியின் பாசம்

2003-இல் வந்த 'டங் டைஸ்' நூல், ஸ்பானியத்துக்கும் ஆங்கிலத்துக்கும் இடையில் வாழ்ந்த சான்ட்ரா சிஸ்னெரோஸ், ரிச்சர்ட் ரோட்ரிகஸ் உள்ளிட்ட எழுத்தாளர்களை ஆராய்கிறது. இரு மொழி தெரிந்தவருக்கு இரண்டின் மீதும் ஒரே உறவு இருப்பதில்லை. ஒன்றின் மீது பாசம், மற்றொன்றின் மீது குற்ற உணர்வு என மனம் அலைபாயும். இரு மொழிகளிலும் எழுதும் பெரெஸ் ஃபிர்மாட், அதைத் தம் வாழ்விலும் அறிந்தவர்.