மல்லரின் வலிமைப் பயிற்சி: மைசூர் மரபை முன்வைத்து

முன்னுரை

மற்போர் பற்றிய செய்திகள் தமிழில் சங்க காலம் முதற்கொண்டு கிடைக்கின்றன. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனைப் பொருது வென்றதைச் சாத்தந்தையார் பாடியுள்ளார் (புறம். 80). பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் 'மாமல்லன்' என்னும் சிறப்புப்பெயர் பூண்டான். எனினும் இவை வெற்றியையே பேசுகின்றன. வெற்றிக்கு அடிப்படையான உடல்வலிமை எவ்வாறு ஈட்டப்பட்டது என்பதை விளக்குவதில்லை. இவ்விடைவெளியை நிரப்பக் கருநாடக நிலத்துச் சான்றுகள் துணைபுரிகின்றன.

நூற்சான்று

கல்யாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் ஏறத்தாழ 1129இல் இயற்றிய மானசோல்லாசம் என்னும் வடமொழி நூல், மல்லரை மூவகையாகப் பகுத்து அவர்க்குரிய பயிற்சிகளையும் வகுத்துரைக்கிறது. சுமை தூக்கல், நெடுநடை, நீச்சல், கைவலிமைப் பயிற்சி, தூணைப் பற்றிச் செய்யும் பயிற்சி என்பன அவை. இவற்றுள் எதுவும் எதிராளியோடு பொருதல் அன்று. பிடியும் பூட்டும் கற்பது ஒன்று. அவற்றைத் தாங்கும் உடலை ஆக்குவது மற்றொன்று என்னும் தெளிவு இப்பகுப்பில் புலனாகிறது. மல்லர்க்கு ஊட்டமிக்க உணவு வழங்குவது அரசன் கடமை என்பதும் அந்நூலின் கருத்தாகும்.

மைசூர் வழக்கு

மைசூரில் மற்பயிற்சிக் கூடம் 'கரடி மனை' எனப்படும். இங்குக் கரடி என்பது விலங்கைக் குறிப்பதன்று. அக்கூடத்தின் நடுவே செம்மண் களம் அமையும். அம்மண்ணைக் கொத்திப் பதப்படுத்துவதே முதுகுக்கும் தோளுக்கும் உரிய பயிற்சியாகிறது. தண்டால் மார்பையும் தோளையும், பஸ்கி தொடையையும், கதை சுழற்றல் மணிக்கட்டையும் பிடிவலிமையையும் வளர்க்கின்றன. மற்போரில் எதிராளியின் எடையே சுமையாதலின், இவ்வுறுப்புகள் வலுப்பெறாதவழி நுட்பம் பயன்தராது. காயமும் எளிதில் நேரும். வலிமைப் பயிற்சி ஆற்றலைப் பெருக்குவதோடு காயத்தையும் குறைக்கும் என்பது இன்றைய விளையாட்டறிவியலின் கருத்துமாகும்.

மைசூர் அரசர் கண்டீரவ நரசராச உடையார் (ஆட்சி 1638-1659) அரசேற்கும் முன் மாறுவேடத்தில் திருச்சிராப்பள்ளி சென்று அங்கிருந்த பெயர்பெற்ற மல்லனை வென்றார் என்பது மைசூர் மரபுவழிச் செய்தி. 1810இல் வெளிவரத் தொடங்கிய மார்க் வில்க்சின் வரலாற்று நூலும் இதனைக் குறிப்பிடுகிறது. ஆமூரில் சோழனைப் போலவே இங்கும் அரசனே மல்லனாகிறான். இரு நாட்டு மற்கலையும் ஒன்றையொன்று அறிந்திருந்தன என்பதற்கு இம்மரபு ஒரு குறிப்பாகலாம்.

செட்டி (சேட்டிமல்லர்) என்னும் மல்லர் குடியினர் விசயதசமியன்று அரண்மனை முற்றத்தில் வச்சிரமுட்டி என்னும் போரை நிகழ்த்துவர். விரல்முட்டிகளில் கருவி அணிந்து பொரும் இப்போர், தலையில் முதற்குருதி கண்டதும் நிறுத்தப்படும். சில நொடிகளிலேயே முடிந்துவிடக்கூடிய இப்போருக்கு நீண்ட நாட் பயிற்சி வேண்டும்.

ஆதரவும் தளர்ச்சியும்

போருக்கு நாளும் அவையும் உண்டு. பயிற்சிக்கு அவை இல்லை. அதனைத் தாங்கியது புரவலர் அளித்த உணவும் ஓய்வுமே. இந்திய விடுதலைக்குப் பின் மைசூர் அரசு ஒன்றியத்தில் இணைந்தது. 1971இல் மன்னர் மானியம் நீக்கப்பட்டது. தசரா விழாவில் மற்போர் இன்றும் நடைபெறுகிறது. ஆயின் ஆண்டு முழுதும் நிகழ வேண்டிய பயிற்சியின் பொறுப்பு, பெரும்பாலும் கரடி மனைகளையும் மல்லர் குடும்பங்களையும் சார்ந்ததாயிற்று. விழாவைக் காப்பது மட்டும் கலையைக் காப்பதாகாது.

முடிவுரை

வலிமைப் பயிற்சி மற்போரின் துணைக்கூறு அன்று. அதன் அடித்தளம் என்பதை மானசோல்லாசமும் மைசூர்க் கரடி மனைகளும் ஒருங்கே உணர்த்துகின்றன. தமிழ்ச் சான்றுகள் பயிற்சி குறித்து அமைதி காப்பதைப் பயிற்சி இன்மையாகக் கொள்ளல் பொருந்தாது. பாடல் பெற்றது களம். பாடல் பெறாதது கூடம். ஆமூர்க் களத்தின் பின்னணியில் இருந்திருக்கக்கூடிய பயிற்சியை அறிய அண்டை நிலத்துச் சான்றுகளோடு ஒப்பிட்டு ஆராய்தல் பயன்தரும்.